மல்லி என்றால் தம்பி

ஜெனிட்டாவுக்குச் சிங்களம் தெரியும் என்பது கோட்டுச்சேரியில் அவள் கணவன் ஆரோக்கியஜோசப்பைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவளும் சொல்லிக்கொண்டதில்லை. மன்னாரில் பிறந்தவள், கலியாணமாகிக் காரைக்காலுக்கு வந்தவள், நர்சரிப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும் சொல்லிக்கொடுப்பவள். ஊருக்கு அவ்வளவுதான் தெரியும். போன பிறவியில் செய்த வேலை மாதிரி அந்த மொழியை அவள் கடலுக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

அவள் சிறுமியாக இருந்த காலத்தில் அந்த மொழி சோதனைச்சாவடிகளில்தான் காதில் விழும். முதலில் தெரிந்த சொல் 'நவத்தின்ன'. நில் என்று அர்த்தம். அர்த்தம் தெரிவதற்கு முன்பே கால்கள் அதற்குப் பழகியிருந்தன. போர் முடிந்த பிறகு, தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். வீட்டில் வருமானம் இல்லை. படித்தாள், பயிற்சிக்குப் போனாள், டீச்சர் ஆனாள். வகுப்பில் பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "இதை ஏன் டீச்சர் நாங்கள் படிக்கோணும்?" என்று யாராவது ஒருத்தி வருஷத்துக்கு ஒருமுறையாவது கேட்பாள். "சோதினையில கேள்வி வரும்" என்று அவள் சொல்லுவாள். அதைத் தவிர அவளிடமும் வேறு பதில் இருந்ததில்லை.

அப்படிப் புதைந்து கிடந்ததை ஆரோக்கியஜோசப்தான் கிளறிவிட்டான்.

அவனுக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் டீசல் எஞ்சின் பட்டறை. மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் விசைப்படகுகள் எல்லாம் அரசலாற்றில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். எஞ்சின்கள் அவன் பட்டறைக்கு வந்துவிடும். கிளிஞ்சல்மேட்டுப் படகுக்காரர் இளையபெருமாள் அப்படி ஒருநாள் தன் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தார். ஆழ்கடலில் அவர் வலையும் ஒரு சிங்களப் படகின் வலையும் பின்னிக்கொண்டுவிட்டதாம். இவர்கள் ஒரு பக்கம் இழுக்க, அவர்கள் ஒரு பக்கம் இழுக்க, இரண்டு பக்கமும் தொண்டை கட்டும்வரை கத்தியும் ஒருவர் சொன்னது ஒருவருக்கு விளங்கவில்லை. கடைசியில் இரண்டு பேருமே வலையை அறுத்துவிட்டு வந்தார்கள்.

"ரெண்டு வார்த்தை தெரிஞ்சிருந்தா வலை பொழச்சிருக்கும்" என்றார் இளையபெருமாள்.

"எங்க வீட்ல தெரியும்" என்று ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டான் ஜோசப்.

மறுநாள் காலையில் இளையபெருமாள் சட்டை மாற்றிக்கொண்டு, ஒரு பெரிய வஞ்சிரத்தோடு கோட்டுச்சேரி வீட்டு வாசலில் நின்றார். ஜெனிட்டா விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கணவனை முறைத்தாள்.

"என்னப்பா இது? என்னட்ட ஒரு சொல்லுக் கேக்காமல்?"

"நான் சும்மா தெரியும்னு சொன்னேன், ஜெனி. அவ்வளவுதான்."

இளையபெருமாள் குறுக்கிட்டார். "அவரத் திட்டாதீங்க டீச்சர். தடைக்காலம் முடியறவரைக்கும் எங்க பசங்க சும்மாதான் கெடக்குறானுவ. பசங்கன்னா, எல்லாம் தாடி மொளச்ச பசங்கதான். ஸ்கூலும் லீவு. ஹெட்மாஸ்டர்கிட்ட கேட்டு சாவி வாங்கிட்டேன். கடல்ல நாலு வார்த்தை பேசற அளவுக்குச் சொல்லிக்குடுங்க, போதும்."

"வேற ஒண்டைக் கேளுங்கோ ஐயா. அந்தப் பாஷையையா கேக்கிறீங்கள்?"

"கடல்ல நிக்கிறப்ப எதுத்தாப்ல வர்றவன் என்ன பாஷைன்னு பாத்துக்கிட்டு இருக்க முடியாதும்மா. காத்து அடிக்கிறப்ப அவன் கத்துறது நமக்கு வெளங்கணும். நம்ம கத்துறது அவனுக்கு வெளங்கணும்."

அந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. தன் வகுப்பில் கேள்வி கேட்ட பிள்ளைகளுக்குச் சொல்ல இப்படி ஒரு பதில் தன்னிடம் இருந்திருக்கலாமே என்று தோன்றியது. வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

கிளிஞ்சல்மேட்டுப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் ஆண்கள் முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ஆப்பிளும் அணிலும். ஜன்னலுக்கு வெளியே மீன் விற்கப் போய்த் திரும்பிய பெண்கள் கூடையை இறக்கிவைத்து வேடிக்கை பார்த்தார்கள். ஜெனிட்டா சுண்ணக்கட்டியை எடுத்தாள். சிங்கள எழுத்தைத் தொடவில்லை. ஒலியை மட்டும் தமிழ் எழுத்தில் எழுதினாள். முஹுத என்றால் கடல். ஹுளங்க என்றால் காற்று. தெல என்றால் வலை. மாளு என்றால் மீன்.

"சரின்னு சொல்றதுக்கு என்ன டீச்சர்?"

"ஹரி."

"என்னது?"

"ஹரி. அவ்வளவுதான். சரி எண்டு நாங்கள் சொல்லுறதை அவங்கள் ஹரி எண்டுவினம்."

ஒருவன் பக்கத்தில் இருந்தவன் முதுகில் தட்டி, "ஹரியாடா?" என்றான். அவன் "ஹரிடா" என்றான். வகுப்பே கலகலத்துப்போனது.

பசிக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை படகினி என்றாள். பட என்றால் வயிறு, கினி என்றால் நெருப்பு. வயிற்று நெருப்பு. கேட்டதும் பின்பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "அவனுக்கும் அங்கதான் எரியுது" என்றார்.

மன்னாரில் ஒரு தவணை முழுக்க முட்டிமோதியும் ஏறாத பாடம் இங்கே ஒரு காலைப்பொழுதில் ஏறியது. சொற்கள் நிற்கும் வரிசை தமிழில் இருப்பதுபோலவே இருப்பதை அவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். ஒருவன் அறையின் இந்த மூலையில் நின்று, வாயருகே கையைக் குவித்து, "வத்துர தியனவாத?" என்று கத்துவான். தண்ணீர் இருக்கிறதா? அந்த மூலையில் இருப்பவன், நடுவில் அலையும் காற்றும் இருப்பதுபோல் பாவித்துக்கொண்டு, "தியனவா!" என்று பதில் கத்துவான். மொழியை இப்படி உடம்போடு படிப்பவர்களை ஜெனிட்டா அதுவரை பார்த்ததில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஜோசப்பிடம் சொல்லும்போது அவள் குரலே மாறியிருந்தது. "நான் என்னத்தைப் படிப்பிச்சுக்கொண்டிருந்தனான் அங்க? எனக்கே விளங்கேல்லை" என்றாள்.

முருகானந்தம் என்ற ஒருவர் மட்டும் வாயைத் திறக்கவே இல்லை. இளையபெருமாளின் படகை ஓட்டுபவர் அவர்தான். நாற்பதைத் தாண்டியவர்; கதவோரம் உட்கார்ந்து கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருப்பார். வகுப்பு முடிந்ததும் முதல் ஆளாக எழுந்து போய்விடுவார். முதலாளி வரச் சொன்னதால் வருகிறார், பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று ஜெனிட்டா நினைத்துக்கொண்டாள். அவளும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை.

உறவுமுறைப் பாடம் வந்தது. அம்மா அங்கேயும் அம்மா. அக்கா அங்கேயும் அக்கா. அண்ணனுக்கு அய்யா. தங்கைக்கு நங்கி.

"தம்பிக்கு மல்லி" என்றாள்.

"மல்லியா? நாங்க ரசத்துல போடுவோமே!"

"எங்க வீட்டுக்காரி தலையில வெச்சிக்கிட்டுப் போவா!"

சிரிப்பு அடங்குவதற்குள் முருகானந்தம் எழுந்து நின்றார். பெஞ்சில் இருந்து எழுந்தபோது அது அவரோடு சேர்ந்து கொஞ்சம் தூக்கிக்கொண்டு வந்து, பிறகு டமாலென்று விழுந்தது.

"டீச்சர், எந்தம்பியப் பாத்தீங்களான்னு கேக்கணும்னா எப்படிக் கேக்குறது?"

கதவோரத்து மௌனம் கலைந்து ஒரு கேள்வி வந்ததில் ஜெனிட்டாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நல்ல கேள்வி" என்றாள். உற்சாகமாகத் திரும்பி, கரும்பலகையில் பெரிதாக எழுதினாள். மகே மல்லிவ தெக்கத? எழுதி முடித்துச் சிரித்த முகத்தோடு திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்ற பெண்களில் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விலகிப் போனாள்.

இளையபெருமாள்தான் மெதுவாகச் சொன்னார். "அவர் தம்பி சிவநாதன். அஞ்சாறு வருஷம் இருக்கும். நண்டு வலைய எடுத்துட்டு வந்துடறேன்னு ஃபைபர் போட்டுல ஒத்தையா போனாரு. அன்னிக்குத்தான் புயல் திரும்பிச்சு. எல்லாக் கரையிலயும் தேடியாச்சு. ஒரு பலகைகூட கெடைக்கல. இப்ப போச்சே, அது சிவநாதன் சம்சாரம் உமாமகேஸ்வரி. இன்னும் பொட்டு வெச்சிக்கிட்டுதான் இருக்கு. காரியம் எதுவும் பண்ணல. எத வெச்சுப் பண்றது?"

ஜெனிட்டாவின் கையில் இருந்த சுண்ணக்கட்டி ஈரமாகிவிட்டது. அழித்துவிடலாமா என்று பலகைத் துடைப்பானைத் தேடினாள்.

"அழிக்காதீங்க டீச்சர்" என்றார் முருகானந்தம். "சொல்லிக்குடுங்க."

அவள் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார். 'வ' என்ற எழுத்தை விழுங்கிவிட்டார்.

"மல்லிவ" என்றாள் அவள். பாடம் நடத்தும் குரலிலேயே சொன்னாள். "தம்பியை எண்டுறதில வாற 'ஐ' மாதிரித்தான் இந்த 'வ'. ஆனா உயிருள்ளதுக்கு மட்டுந்தான் வரும். வலையை, படகை எண்டால் வராது. சில பேர் விட்டுட்டும் கதைப்பினம்."

அவர் கொஞ்சநேரம் பலகையைப் பார்த்தார். "நான் விடமாட்டேன்" என்றார்.

பிறகு நிறுத்தி நிதானமாக, ஒவ்வோர் எழுத்தையும் கையில் எடுத்துப் பார்ப்பவர்போல், "மகே மல்லிவ தெக்கத?" என்று கேட்டார். அவர் கேட்டு முடித்ததும் யாரும் சொல்லாமலே முன்பெஞ்சு சொன்னது. பிறகு நடுப்பெஞ்சு. பிறகு அறை முழுவதும். எனது தம்பியைப் பார்த்தீர்களா? எனது தம்பியைப் பார்த்தீர்களா? கடலில் காற்றை எதிர்த்துக் கத்திப் பழகிய தொண்டைகள் அந்தச் சின்ன அறைக்குள் அதை அடக்கி, மெதுவாகச் சொன்னது ஜெனிட்டாவின் கைமயிரை எல்லாம் நிமிர வைத்தது. தன் ஆயுளில் எத்தனையோ பிள்ளைகளைத் தன் பின்னால் சொல்ல வைத்திருக்கிறாள். இப்படி யாரும் எதையும் சொல்லி அவள் கேட்டதில்லை.

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போயின. ஜெனிட்டா நர்சரிப் பள்ளிக்குத் திரும்பினாள். ஆனாலும் பூவம் பக்கம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும், பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதும், இந்நேரம் அந்த வாக்கியம் எங்கே மிதந்துகொண்டிருக்குமோ என்ற நினைப்பு வந்துபோகும்.

சில நடை போய்வந்த பிறகு ஒரு மத்தியானம் ஜோசப் அவள் பள்ளிக்கு வந்து பைக்கை நிறுத்தினான். "முருகானந்தண்ணன் கரைக்கு வந்துட்டாரு. உன்னக் கையோட கூட்டியாரச் சொன்னாரு."

துறைமுகத்தில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே, படகின் மேல்தட்டில் முருகானந்தம் உட்கார்ந்திருந்தார். முகம் வெயிலில் கருகியிருந்தது. கைப்பேசியை அவளிடம் நீட்டினார்.

"இலங்கையில தெக்குப் பக்கத்துப் பெரிய போட்டு ஒண்ணு, டீச்சர். கிட்டக்க வந்துச்சு. கேட்டேன். ஒடனே எஞ்சின நிறுத்திட்டாங்க. என்கிட்ட என்னென்னவோ கேட்டாங்க, எனக்கு வெளங்கல. அப்புறம் அவங்க டிரைவரு வயர்லெஸ்ஸ எடுத்துப் பேச ஆரம்பிச்சாரு. நம்ம வயர்லெஸ்லயும் அது வந்துச்சு. நீங்க கேட்டாச் சொல்லுவீங்கன்னு மொதல்லேர்ந்தே போன்ல புடிச்சு வெச்சிருக்கேன்."

அவள் கைப்பேசியைக் காதருகே வைத்தாள். முதலில் காற்று. பிறகு முருகானந்தத்தின் குரல், வகுப்பில் கேட்ட அதே நிதானத்தில். 'வ' தெளிவாக விழுந்தது. ஒரு குரல், "நே, அய்யே" என்றது. இல்லை அண்ணா. கொஞ்ச நேரம் அலைச் சத்தம். பிறகு அந்தக் குரல் வயர்லெஸ்ஸில் பேச ஆரம்பித்தது. இரைச்சலுக்கு நடுவே வேறொரு படகு பதில் சொன்னது. அந்தப் படகு அதையே இன்னொரு படகிடம் கேட்டது. அது தூரத்தில் இருந்திருக்க வேண்டும், குரல் மெலிந்து வந்தது. அதுவும் யாரிடமோ கேட்டது. ஒவ்வொருவர் பேச்சிலும் ஒவ்வோர் ஊர் வாடை. நீட்டிப் பேசும் ஒருவர், கடித்துப் பேசும் ஒருவர், வயதான ஒருவர். கடைசியில் குரல் இரைச்சலோடு இரைச்சலாகப் போய்விட்டது. ஆனாலும் அந்தப் பக்கம் யாரோ இன்னும் கேட்டுக்கொண்டிருப்பது போலவே இருந்தது.

ஜெனிட்டா அதை மறுபடி போட்டாள். முதல்முறை கேட்டதை நம்ப முடியாமல்தான் மறுபடி போட்டாள்.

"என்ன டீச்சர்? என்ன சொல்றாங்க?"

"நான் உங்களுக்கு 'மகே' எண்டுதானே சொல்லித்தந்தனான்? மகே எண்டால் என்ர."

"ஆமா."

"அவங்கள் அப்படிக் கேக்கேல்லை." அவள் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்தாள். "அபே மல்லி எண்டு கேக்கினம். முதல் ஆளில இருந்து கடைசி ஆள் வரைக்கும். எங்கட தம்பி ஒராள் காணாமல் போயிட்டார், எங்கட தம்பியைப் பார்த்தீங்களா எண்டு."

முருகானந்தம் கைப்பேசியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த ஆட்கள் கையை நிறுத்திவிட்டார்கள். இளையபெருமாள் துண்டால் முகத்தைத் துடைத்தார். அந்தச் சொல்லை ஜெனிட்டா சொல்லிக்கொடுக்கவில்லை. எந்தப் பாடத்திலும் அது வரவில்லை. கடலுக்கு நடுவே, முகம் தெரியாத ஆட்கள் தாங்களாகவே மாற்றிக்கொண்டது அது. 'நில்' என்ற ஒரு சொல்லோடு தனக்கு அறிமுகமான மொழிக்குள் இவ்வளவு பெரிய வீடு இருந்ததா என்று அவள் மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

பதிவில் அவர்கள் கேட்ட ஒரு கேள்வியும் இருந்தது. உடம்பில் ஏதாவது அடையாளம் உண்டா?

"வலது கையில மக பேரப் பச்ச குத்தியிருந்தான்" என்றார் முருகானந்தம். "அது பொறந்த அன்னிக்கே திருநள்ளாறு கடைத்தெருவுக்குப் போயிக் குத்திக்கிட்டு வந்துட்டான்."

"தகுணு அத்தே துவகே நம பச்ச கொட்டலா" என்றாள் ஜெனிட்டா.

"பச்சயா?"

"ஓம். அவங்களும் பச்ச எண்டுதான் சொல்லுவினம்."

அவர் அந்த வாக்கியத்தையும் மனப்பாடம் செய்தார். அவளுடைய தொலைபேசி எண்ணையும் சிங்களத்தில் சொல்லக் கற்றுக்கொண்டார். அடுத்த நடையிலும், அதற்கடுத்த நடைகளிலும் சொல்லிக்கொண்டே போனார். மழைக்காலம் வந்து போனது. பொங்கலும் போனது.

மாசி மாதத்தில் ஒருநாள், நர்சரிப் பிள்ளைகள் மத்தியானச் சோற்றுக்கு வரிசையாக உட்கார்ந்திருந்தபோது, அவள் கைப்பேசிக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. கூடவே ஒரு வரியும் இல்லை. மணல். தென்னைகளின் நிழல். நிலத்தில் பதித்த ஒரு சின்னச் சிமெண்டுப் பலகை. அதன்மேல் ஆணியால் கீறிய கோடுகள். முதலில் அவளுக்கு அது எழுத்தென்றே தெரியவில்லை. கிளி மூக்குமாதிரி ஒரு வளைவு. சுழித்த ஒரு கம்பி. தமிழ் தெரியாத கை தமிழ் எழுத்தை ஓவியமாகப் பார்த்து வரைந்தது. படத்தைப் பெரிதாக்கினாள். முதலில் ஒரு கொம்பு. சிங்களத்திலும் அந்த அடையாளம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும், அதற்குப் பெயரும் கொம்புவதான். அதனால் அந்தக் கைக்கு அது மட்டும் பழக்கமாக, அச்சாக விழுந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் வாசித்தாள்.

தேவிகா.

சிவநாதனின் மகள் பெயர் அவளுக்குத் தெரியும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜோசப்போடு கிளிஞ்சல்மேட்டுக்குப் போனாள். உமாமகேஸ்வரியின் வீட்டில் முருகானந்தமும் இளையபெருமாளும் இருந்தார்கள். உமாமகேஸ்வரி அந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டாள். அழுது முடித்த முகம். பக்கத்தில் பன்னிரண்டு வயது தேவிகா. ஜெனிட்டா கைப்பேசியை நடுவில் வைத்து அந்த எண்ணுக்குப் போட்டாள்.

அந்தப் பக்கம் பேசியவர் பெயர் பியதாச. தீவின் தென்கிழக்குக் கரையில் ஒரு சிறிய மீனவ ஊர். அவர் பேசப்பேச ஜெனிட்டா சொல்லிக்கொண்டு வந்தாள்.

புயலுக்குப் பிறகு ஒரு விடியற்காலையில் கடல் ஓர் ஆளைக் கொண்டுவந்து எங்கள் கரையில் விட்டது. பொலிசுக்குச் சொன்னோம். நீதிவான் வந்து பார்த்து அடக்கம் செய்யச் சொன்னார். என் மனைவி, பேரில்லாமல் ஒரு மனுஷனை மண்ணில் வைக்கக்கூடாது என்றாள். கையில் ஏதோ எழுதியிருந்தது. பேரா, ஊரா, சாமியா, எங்களுக்குத் தெரியவில்லை. அன்றைக்கே வள்ளத்துப் பலகையில் கரியால் அதைப் பார்த்து வரைந்து வைத்துக்கொண்டேன். பிறகு சிமெண்டில் கீறினேன். வருஷா வருஷம் விகாரையில் தானம் கொடுக்கும்போது அவரையும் நினைத்துக்கொள்வோம். என்ன பெயர் சொல்வதென்று தெரியாது. கடலில் வந்த மகன் என்று சொல்லுவோம்.

உமாமகேஸ்வரி கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து ஏதோ வெளியே வந்து நிற்கப்போவதுபோல.

"போன வாரந்தான் ஒரு பெரிய வள்ளத்துக்காரர் சொன்னார்" என்றார் பியதாச. "இந்தியாவில ஒரு அண்ணன் கடல் முழுக்கத் தம்பியைக் கேட்டுக்கொண்டு திரிகிறார், கையில் பச்சை குத்தியிருக்குமாம் என்று."

முருகானந்தம் தலையைக் குனிந்துகொண்டார். பியதாச கொஞ்சம் தயங்கினார். பிறகு கேட்டார். ஜெனிட்டா தமிழில் சொன்னாள்.

"அந்த எழுத்தை எப்படி வாசிக்கிறது எண்டு கேக்கிறார். இத்தனை வருஷமாப் பாத்துக்கொண்டு இருக்கினமாம். ஒருக்காச் சொன்னால் தெரிஞ்சுகொள்ளுவம் எண்டுறார்."

எல்லாரும் உமாமகேஸ்வரியைப் பார்த்தார்கள். அவள் மகளைப் பார்த்தாள். பிள்ளை கைப்பேசிப் பக்கம் குனிந்தாள்.

"தேவிகா" என்றாள்.

அந்தப் பக்கம் பியதாச மெதுவாக, "தேவிகா?" என்றார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் குரல் திகைப்போடு, "அனே, தேவிகா!" என்றது. இன்னும் யாரோ. இன்னும் யாரோ. ஒரு வீட்டில் இல்லை, ஊரே அங்கே கூடியிருக்க வேண்டும். பெயர் வாய்க்கு வாய் தாவிப் பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தது இங்கே வரை கேட்டது.

"என்னவாம்?" என்றாள் உமாமகேஸ்வரி.

"அது எங்கட ஊரிலயும் வைக்கிற பேர்தானே எண்டு சொல்லினம்" என்றாள் ஜெனிட்டா. "அடுத்த வீட்டிலயே ஒரு தேவிகா இருக்கிறாளாம். அந்தப் பேரையா இவ்வளவு காலமும் வாசிக்கத் தெரியாமல் பாத்துக்கொண்டு இருந்தம் எண்டு அந்த அம்மா அழுறா."

பியதாச அவளிடமே ஒரு கேள்வி கேட்டார். சிங்களம் எங்கே படித்தீர்கள்? தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன் என்றாள். எங்கள் பிள்ளைகளுக்கும் தமிழ்ப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள், சொல்லிக்கொடுக்க ஆள்தான் வந்து சேரவில்லை என்றார். ஒரேயொரு பிள்ளை படித்திருந்தால் அந்த வாரமே உங்களைக் கண்டுபிடித்திருப்போம் என்றார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. வலை இல்லாத நாளில் மீன் போவதைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். ஜெனிட்டாவால் அதற்கு 'ஹரி' என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

அன்று வெயில் ஏறியபோது உமாமகேஸ்வரி முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அந்தப் பலகையை மாற்றச் சொல்லவேண்டாம் என்றாள். அவர் பெயரைப் புதிதாக எழுத வேண்டியதில்லை, பெண்ணின் பெயர் அப்பனோடு அங்கேயே இருக்கட்டும் என்றாள். அந்த வாரம் கடற்கரையில் காரியம் நடந்தது. கிளிஞ்சல்மேட்டில் ஒரு படகும் அன்று கடலுக்குப் போகவில்லை. பியதாசவின் ஊரிலும் போகவில்லை என்று பிறகு தெரிந்தது.

சித்திரையில் தடைக்காலம் ஆரம்பித்ததும், நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் போய் வருவதென்று முடிவானது. முருகானந்தம், உமாமகேஸ்வரி, தேவிகா, அவர்களுக்குப் பேச்சுக்கு ஜெனிட்டா. யாழ்ப்பாணத்தில் இறங்கி அங்கிருந்து ஒரு பகல் முழுக்க பஸ். போகும்போது என்ன கொண்டுபோவது என்று உமாமகேஸ்வரி நாள் பூராவும் யோசித்தாள். கருவாடா, பட்டுப்புடவையா, திருநள்ளாற்றுப் பிரசாதமா?

தேவிகாவுக்கு வேறு யோசனை. புறப்படுவதற்கு முதல் நாள் கோட்டுச்சேரிக்கு வந்து, ஜெனிட்டா துணி அடுக்கிக்கொண்டிருந்த கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்தப் பியதாச வீட்டுக்குப் போனா, அவர நான் என்னன்னு கூப்பிடறது? பேரச் சொல்லக் கூடாதுல்ல?"

ஜெனிட்டா கையில் இருந்த புடவையை மடிப்பதை நிறுத்தினாள்.

"லொக்கு தாத்தா எண்டு கூப்பிடு."

"தாத்தாவா? அவ்ளோ வயசா அவருக்கு?"

"இல்லையடி. அங்க தாத்தா எண்டால் அப்பா. லொக்கு எண்டால் பெரிய. பெரியப்பா."

தேவிகா வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். 'லொ' சரியாக வரவில்லை. எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டு, வெளியே யாரோ நிற்பதுபோல, கொஞ்சம் வெட்கத்தோடு மறுபடி கூப்பிட்டுப் பார்த்தாள்.